மாத்திரை வேண்டாம் என்று நோயாளி சொல்லும்போது

கேள்வி சுருக்கமாக இதுதான். மனச்சிதைவு நோய்க்காக உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டிருக்கும் தம்பி, மாத்திரை வேண்டாம் என்கிறார். அது அவருடைய முடிவா, நோய் பேசுகிற பேச்சா? மருத்துவர்கள் அவரை மீறிக் கொடுக்கலாமா? வீட்டுக்கு வந்த பிறகு உணவில் கலந்து கொடுத்தால் தவறா?

மனநல வார்டுகளில் மருத்துவராக நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். அதை எடுத்துக்காட்டுகளோடு பிறகு சொல்கிறேன். அதற்கு அடியில் இருக்கும் மருத்துவக் கேள்வி எங்கும் ஒன்றுதான்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் தம்பி மாத்திரையை வாங்கி மறுபேச்சில்லாமல் விழுங்கியிருந்தால், அவருக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்று யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் அந்தச் சந்தேகம் எழுகிறது. எங்கள் துறையின் பழைய குறை இது. சம்மதப் படிவத்தில் பணிவாகக் கையெழுத்திட்ட ஒருவரிடம், எதற்காகக் கையெழுத்துப் போட்டீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். 'வீட்டுக்கு விடுவதற்கு' என்றார். தமக்கு என்ன மருந்து, எதற்காக, எவ்வளவு நாளுக்கு என்பதில் ஒன்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அவருடைய கோப்பில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதே வார்டில், கொடுக்கப்பட்ட மருந்தின் பெயரையும் அளவையும் சொல்லி, போன முறை அது தமக்கு என்ன செய்தது என்பதையும் விவரித்து வேண்டாம் என்ற இன்னொருவரின் கோப்பில் 'நோயுணர்வு இல்லை' என்று எழுதப்பட்டிருந்தது. திறனைச் சோதிப்பதானால் இருவரையும் சோதித்திருக்க வேண்டும்.

முடிவெடுக்கும் திறன் என்பதற்குப் பல நாட்டுச் சட்டங்கள் ஏறத்தாழ ஒரே மாதிரி விளக்கம் தருகின்றன. தமக்குச் சொல்லப்பட்ட தகவலைப் புரிந்துகொள்வது, முடிவெடுக்கும் நேரம் வரையாவது அதை மனத்தில் வைத்திருப்பது, அதை எடைபோட்டுப் பார்ப்பது, முடிவைப் பேச்சாலோ சைகையாலோ தெரிவிப்பது ஆகியவையே இங்கிலாந்தின் 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் பார்ப்பவை. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் புரிந்துகொள்ளுதல், விளைவை உணர்தல், தெரிவித்தல் என்று வகுக்கிறது. ஒருவர் எடுத்த முடிவு மற்றவர்களுக்குத் தவறாகப் படுகிறது என்ற ஒரே காரணத்துக்காக அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லக் கூடாது என்பதை இரண்டு சட்டங்களுமே வெளிப்படையாகச் சொல்கின்றன. நோயின் பெயரும் விடையாகாது. மனச்சிதைவு என்று எழுதியிருப்பதிலிருந்து, இன்று காலை இந்த மாத்திரையைப் பற்றி இவரால் முடிவெடுக்க முடியுமா என்பதை ஊகிக்க முடியாது.

இதை நீதிமன்றத்தில் நிலைநாட்டிய வழக்கு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பிராட்மூர் பாதுகாப்பு மருத்துவமனையில், மனச்சிதைவு நோயோடு பல ஆண்டுகள் இருந்த 68 வயதுக்காரர் ஒருவருக்குப் பாதம் அழுகத் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்காவிட்டால் பிழைப்பது அரிது என்று அறுவை மருத்துவர் கருதினார். நோயாளி மறுத்தார். தாம் உலகப் புகழ் பெற்ற மருத்துவர் என்ற மாய நம்பிக்கையும் அவருக்கு இருந்தது. 1993-இல் உயர் நீதிமன்றம் பார்த்தது வேறு: தம் காலைப் பற்றிச் சொல்லப்பட்டதை அவர் புரிந்துகொண்டாரா, நம்பினாரா, சாக நேரிடலாம் என்பதையும் சேர்த்து எடைபோட்டாரா? மூன்றுக்கும் ஆம் என்ற முடிவுக்கு நீதிபதி வந்தார். நோயாளி எழுத்தில் சம்மதிக்காமல் காலை வெட்டக் கூடாது என்று தடை விதித்தார். அந்த மனிதர் காலோடு பிழைத்துக்கொண்டார். அவர் பிழைக்காமல் போயிருந்தாலும் தீர்ப்பு சரியானதாகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஆகவே, மாய நம்பிக்கை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிட முடியாது. அந்த நம்பிக்கை இந்த முடிவுக்குள் புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'இந்த மாத்திரையில் விஷம் வைத்திருக்கிறார்கள், நேற்று ரேடியோவில் என் பெயரைச் சொல்லி அறிவித்தார்கள்' என்று ஒருவர் மறுத்தால், மாத்திரையைப் பற்றிய தகவலையே நோய் பிடித்து வைத்திருக்கிறது. அவர் எடைபோடுவதற்குக் கையில் எதுவும் இல்லை. தம்மை அரசர் என்று நம்பும் இன்னொருவர், 'இதைப் போட்டால் நாக்கு தடித்துப் பேச்சு குழறுகிறது, வேறு ஏதாவது கொடுங்கள்' என்று மறுத்தால், அரசர் என்ற எண்ணத்துக்கும் அந்த மறுப்புக்கும் தொடர்பில்லை. அவருடைய பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

திறனே இல்லாத நிலை அரிது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். லண்டன் மனநல மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டவர்களைப் பற்றி 2008-இல் வெளியான ஆய்வில், சுமார் 60 விழுக்காட்டினருக்குச் சேர்ந்த சமயத்தில் தம் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் திறன் இருக்கவில்லை. அதே குழுவினர் அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆய்வில், திறன் திரும்பப் பெற்றவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர், தமக்காக மற்றவர்கள் எடுத்த முடிவைப் பின்னர் சரி என்று ஏற்றுக்கொண்டார்கள். எஞ்சியவர்கள் ஏற்கவில்லை என்பதும் அந்த எண்ணிலேயே இருக்கிறது. இன்னொன்று, திறன் வரும், போகும். இரவு தூக்க ஊசி போட்டு மறுநாள் காலை ஏழு மணிக்குச் சோதித்தால் யாராக இருந்தாலும் தோற்பார்கள். மாலையில் மறுபடி கேட்க வேண்டும். இரண்டு நாள் கழித்தும் கேட்க வேண்டும்.

அடுத்து, ஏன் வேண்டாம் என்கிறார் என்ற கேள்வி. இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன், ஏனெனில் பெரும்பாலான சச்சரவுகள் இங்கேயே தீர்ந்துவிடுகின்றன. மருந்தை விடுவது விதிவிலக்கு என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் நாள்பட்ட மனச்சிதைவு உள்ள ஏறத்தாழ 1,500 பேரிடம் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான பெரிய ஆய்வில், முதலில் கொடுக்கப்பட்ட மருந்தை 18 மாதங்களுக்குள் 74 விழுக்காட்டினர் நிறுத்தியிருந்தார்கள். சிலருக்குப் பலன் இல்லை, சிலருக்குப் பக்க விளைவு தாங்கவில்லை, பலர் தாங்களாகவே போதும் என்று முடிவு செய்தார்கள். நான்கில் மூன்று பேர் செய்வதை நோயின் அறிகுறி என்று மட்டும் சொல்லி ஒதுக்க முடியுமா?

அகதீசியா என்று ஒரு பக்க விளைவு உண்டு. ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளில் மிகுதி, புதியவற்றிலும் வரும். உள்ளே ஏதோ முறுக்குவது போன்ற தவிப்பு; உட்கார முடியாது, படுக்க முடியாது, நின்றால் கால் மாற்றிக் கால் வைக்கத் தோன்றும். ஒருவர் இரவு முழுவதும் வார்டின் நடைபாதையில் கட்டிலுக்கும் கழிவறைக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தார். 'கிளர்ச்சியாக இருக்கிறார்' என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது, மருந்து கூட்டப்பட்டது, அவர் இன்னும் வேகமாக நடந்தார். மூன்றாம் நாள் மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்துத் துப்பினார். 'வாயைத் திறங்க, நாக்கைத் தூக்குங்க' என்று செவிலியர் டார்ச்சடித்துப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டது. நாற்காலியில் உட்காரச் சொல்லி அவருடைய முழங்கால்களை இரண்டு நிமிடம் கவனித்திருந்தால் போதும், நோய் எது மருந்து எது என்று தெரிந்திருக்கும். அளவைக் குறைத்து, அந்தத் தவிப்பைத் தணிக்கும் ப்ரோப்ரனோலால் மாத்திரையைச் சேர்த்த பிறகு அவர் தூங்கினார். வேறு மருந்துக்கு அவரே சம்மதித்தார்.

நோயாளிகள் தாமாகச் சொல்லத் தயங்கும் காரணங்களும் உண்டு. பாலுறவில் ஏற்படும் தடங்கலை இளைஞர்கள் தாயின் எதிரில் சொல்ல மாட்டார்கள். சில மருந்துகள் புரோலாக்டின் என்ற, பால் சுரக்கச் செய்யும் ஹார்மோனை உயர்த்துவதால் மாதவிடாய் நின்றுவிடுகிறது, மார்பில் பால் சுரக்கிறது. கருவுற்றுவிட்டோமோ என்று பயந்து ஒரு பெண் மருந்தை விட்டால், அது விளக்காமல் விட்ட எங்கள் தவறு. உடல் எடை சில மாதங்களிலேயே கணிசமாகக் கூடும். இவை தவிர, குரல்கள் அடங்கிப்போனதும் தனிமை தாங்கவில்லை என்று சொன்னவர்களையும், மருந்து தம் எண்ணத்தின் கூர்மையை மழுக்கிவிடுகிறது என்பவர்களையும் பார்த்திருக்கிறேன். உங்கள் தம்பி என்ன காரணம் சொல்கிறார் என்பது உங்கள் கேள்வியில் இல்லை. அதைத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

மறுபக்கத்தையும் அதே நேர்மையோடு அவரிடம் சொல்ல வேண்டும். நோய் தணிந்த பிறகு மருந்தைத் தொடர்ந்தவர்களையும் நிறுத்தியவர்களையும் ஒப்பிட்ட 65 ஆய்வுகளை 2012-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, ஏழு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் நோய் திரும்பியவர்கள் மருந்தில் இருந்தவர்களில் 27 விழுக்காடு, வெற்று மாத்திரையில் இருந்தவர்களில் 64 விழுக்காடு. இது பெரிய வேறுபாடு. அதே சமயம், மருந்து இல்லாமலேயே மூன்றில் ஒரு பங்கினருக்கு அந்தக் காலத்தில் நோய் திரும்பவில்லை என்பதும், மருந்து எடுத்தும் நான்கில் ஒருவருக்குத் திரும்பியது என்பதும் அதில் அடங்கும். 'மாத்திரையை விட்டால் கட்டாயம் திரும்ப வரும்' என்று மிரட்டும் மருத்துவர், இந்த எண்களின் ஒரு பாதியை மறைக்கிறார். நோயாளி ஒருநாள் மறுபாதியைத் தானே கண்டுபிடிப்பார். அதன் பிறகு மருத்துவர் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்.

சம்மதம் என்பதற்கு என்ன சொல்லியாக வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். குளோசபைன் என்றால், வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும், ஆகவே தொடக்கத்தில் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை வேண்டும் என்பது. லித்தியம் என்றால், பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது, வாந்தியோ பேதியோ வந்தால் உடனே சொல்ல வேண்டும், சிறுநீரகமும் தைராய்டும் கண்காணிக்கப்பட வேண்டும் என்பது. வால்ப்ரோயேட் என்றால், கருவுறும் வயதில் உள்ள பெண்ணிடம் அது பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறையையும், பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைபாட்டையும் உண்டாக்கலாம் என்பதைச் சொல்லாமல் வாங்கிய கையெழுத்துக்குப் பொருளே இல்லை. எந்த மருந்தானாலும், வேறு என்ன வழிகள் உண்டு, எடுக்காவிட்டால் என்ன ஆகலாம், நிறுத்துவதானால் எப்படிப் படிப்படியாக நிறுத்துவது ஆகியவற்றையும் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலான மருத்துவர்கள் சொல்வதில்லை, சொன்னால் நோயாளிகள் நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில். சொல்லாததால் அவர்கள் ஒரே நாளில் நிறுத்துகிறார்கள், ஆபத்து கூடுகிறது.

சட்டத்துக்கு வருகிறேன். மருத்துவமனையில் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக வைத்திருக்கும் அதிகாரமும், அவருக்கு மருந்து கொடுக்கும் அதிகாரமும் ஒன்றா, இரண்டா என்பதில் நாடுகள் பிரிந்து நிற்கின்றன. இங்கிலாந்தின் 1983-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வகுத்த முறையில், கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவருக்கு முதல் மூன்று மாதங்கள் சம்மதம் இல்லாமலே மனநோய்க்கான மருந்தைக் கொடுக்கலாம். அதன் பிறகு அவருடைய சம்மதமோ, வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட இரண்டாவது மருத்துவரின் சான்றோ வேண்டும். அதாவது, காலை வெட்டாதே என்று சொல்ல உரிமை பெற்ற அதே பிராட்மூர் நோயாளிக்கு, மனநோய் மாத்திரையை மறுக்கும் உரிமை அந்த அளவுக்கு இல்லை. இந்த முரண்பாட்டை எனக்கு ஏற்கும்படி விளக்கியவர்கள் யாரும் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1983-இல் உச்ச நீதிமன்றம் வேறு வழியில் போனது: சேர்க்கப்பட்டவர் திறனுள்ளவராகவே கருதப்படுவார், திறனற்றவர் என்று நீதிபதிதான் தீர்மானிக்க வேண்டும், அப்போதும், திறன் இருந்திருந்தால் இந்த மனிதர் எதைத் தேர்ந்திருப்பார் என்று பார்க்க வேண்டும். ஜெர்மனியில் 2011-இல் அரசியல் சாசன நீதிமன்றம் கட்டாய மருந்தளிப்புக்கான மாநிலச் சட்ட விதியைச் செல்லாது என்றது. 2013-இல் கடுமையான நிபந்தனைகளோடு புதிய சட்டம் வந்தது.

இந்தியச் சட்டத்தில், பிறர் கோரிக்கையின் பேரில் ஆதரவோடு சேர்க்கப்பட்டவரை முதலில் 30 நாள் வரை வைத்திருக்கலாம். அப்போதும் சிகிச்சைக்கு அவருடைய சம்மதத்தையே, நியமனப் பிரதிநிதியின் (முடிவெடுப்பதில் அவருக்குத் துணைநிற்க நியமிக்கப்பட்டவரின்) உதவியோடு, பெற முயல வேண்டும். முடிவெடுக்க ஏறக்குறைய முழு ஆதரவும் தேவைப்படும் நிலையில் மட்டும் அந்தப் பிரதிநிதி தற்காலிகமாகச் சம்மதம் தரலாம். அப்படித் தந்தால் நோயாளியின் திறனை ஏழு நாளுக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். இந்த ஏழாம் நாள் பரிசோதனை நடந்ததா என்று கேட்கும் உறவினர்கள் மிகக் குறைவு. கேட்கலாம்.

உயிருக்கு ஆபத்து, பிறருக்குக் கடும் தீங்கு என்ற அவசரநிலையில் பெரும்பாலான நாடுகள் சம்மதமின்றிச் சிகிச்சை தர இடம் கொடுக்கின்றன. இந்தியச் சட்டம் அதற்கு 72 மணி நேர எல்லை வைத்திருக்கிறது, அந்த நேரத்தில் மின்னதிர்வு சிகிச்சையைச் சேர்க்கவும் கூடாது என்கிறது. வார்டில் ஆள் குறைவு, நோயாளி சத்தம் போடுகிறார் என்பது அவசரநிலை ஆகாது. பிடித்து ஊசி போட வேண்டியே வந்தால், மறுநாள் அவரருகே உட்கார்ந்து ஏன் அப்படிச் செய்தோம் என்று சொல்வது வைத்தியத்தின் ஒரு பகுதி. அது நடப்பது அரிது.

உரிமையை மதித்தால் எல்லாம் நன்றாக முடியும் என்றும் சொல்ல மாட்டேன். கனடாவில் ஸ்டார்சன் வழக்கு என்று ஒன்று உண்டு. இருமுனைக் கோளாறு (மனம் மிகுந்த எழுச்சிக்கும் மிகுந்த சோர்வுக்கும் இடையே மாறும் நோய்) உள்ளவர், இயற்பியலில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். மருந்து தம் சிந்தனையை மந்தமாக்கிவிடும், அது தமக்குச் சாவைவிடக் கொடியது என்று மறுத்தார். 2003-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கு மறுக்கும் திறன் உண்டு என்றது. அதன் பிறகும் அவர் அடைபட்டே இருந்தார், மருந்தில்லாமல். உடல்நிலை மோசமாகி, 2005-இல் திறனற்றவர் என்று கண்டறியப்பட்டு மருந்து கொடுக்கப்பட்டது. தீர்ப்பைக் குறை சொல்பவர்கள் இந்தப் பின்கதையைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். நான் அதில் காண்பது இன்னொன்று: இரண்டு திறன் மதிப்பீடுகளும் அவை செய்யப்பட்ட நாளுக்குச் சரியாக இருந்திருக்கக்கூடும்.

கட்டாயம் எந்த அளவுக்குப் பலன் தருகிறது என்பதற்கும் ஒரு எண் சொல்கிறேன். வீட்டுக்கு அனுப்பிய பிறகும் சிகிச்சையைக் கட்டாயமாக்கும் ஆணைகளை இங்கிலாந்தில் 333 பேரிடம் சோதித்து 2013-இல் முடிவு வெளியிட்டார்கள். ஆணை இருந்தவர்களிலும் இல்லாதவர்களிலும் ஓராண்டுக்குள் திரும்பச் சேர்ந்தவர்கள் ஒரே 36 விழுக்காடு.

உணவில் கலந்து கொடுப்பதைப் பற்றி. வேண்டாம். கலக்கும்போது எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. தட்டில் பாதி மிஞ்சினால் பாதி அளவு. மருத்துவர் அதைத் தெரியாமல் அளவைக் கூட்டுவார். பக்க விளைவு வந்தால், தம் உடம்புக்கு என்ன ஆகிறது என்று தெரியாமல் அவர் தவிப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரோ என் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று சந்தேகிக்கும் நோயாளியின் சாப்பாட்டில் நீங்கள் உண்மையாகவே கலக்கிறீர்கள். ஒருநாள் கிண்ணத்தின் அடியில் வெள்ளைத் துகளை அவர் பார்ப்பார். அதற்குப் பிறகு அவருடைய சந்தேகத்தை மாய நம்பிக்கை என்று யார் அவரிடம் சொல்ல முடியும்? திறன் இல்லை என்று முறையாக மதிப்பிட்டு, மருத்துவர், செவிலியர், மருந்தாளர், குடும்பத்தார் கூடி எழுத்தில் முடிவெடுத்து, காலவரையறையோடு மறைத்துக் கொடுக்கும் நிலைகள் உண்டு. முற்றிய மறதிநோயில் அவ்வாறு நடப்பதுண்டு. சமையலறையில் ஒருவர் தனியாக எடுக்கும் முடிவு அந்த வகையில் சேராது. ஆற்றாமையால் அப்படிச் செய்தவர்களை நான் கடிந்துகொண்டதில்லை, ஆனால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியவை. தம்பியிடம் தனியாக, மருந்து வண்டி வராத நேரத்தில், 'அது உன்னை என்ன செய்கிறது' என்று கேளுங்கள். ஏன் போட மாட்டேன் என்கிறாய் என்று கேட்டால் அவர் வாதாடத் தொடங்குவார். அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். திறன் எப்போது, யாரால், எப்படி மதிப்பிடப்பட்டது என்று கேளுங்கள். வேறு மருந்து, குறைந்த அளவு, மாத்திரைக்குப் பதில் மாதமொருமுறை ஊசி ஆகியவை பேசப்பட்டனவா என்று கேளுங்கள். தானே வந்து சேர்ந்தவர் என்று பதிவாகியிருந்தால், மறுத்தால் கட்டாய நோயாளியாக மாற்றிவிடுவோம் என்று சொல்லப்பட்டதா என்றும் கேளுங்கள்; அப்படி மிரட்டிப் பெற்ற சம்மதம் எங்கும் செல்லாது.

அவர் தெளிந்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. நோய் மறுபடி முற்றினால் எந்த மருந்து வேண்டும், எது வேண்டவே வேண்டாம், தமக்காக யார் பேச வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க இந்தியா, ஜெர்மனி உட்படப் பல நாடுகளின் சட்டம் இடம் தருகிறது. இந்தியாவில் அவசரச் சிகிச்சைக்கு அந்த ஆவணம் பொருந்தாது. மற்ற நேரத்தில் அதை மீற விரும்பும் மருத்துவர் மனநல மறுஆய்வு வாரியத்தை அணுக வேண்டும். இப்படி எழுதியவர்களில் மருந்தே வேண்டாம் என்று எழுதியவர்கள், என் அனுபவத்தில், சிலர்தான். ஒருவர் எழுதியிருந்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: 'ஹாலோபெரிடால் வேண்டாம். மற்றது எதுவானாலும் சரி, என்ன கொடுக்கிறீர்கள் என்று எனக்குச் சொல்லிவிட்டுக் கொடுங்கள், நான் கேட்கிற மாதிரி இல்லாவிட்டாலும்.'